ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த வாட்ஸ்அப்

தேர்வுக்கு முந்தைய நாள் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஹால் டிக்கெட்டை அச்செடுக்க வரும் மாணவர், கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, செல்பேசியால் ஸ்கேன் செய்து, கோப்பை இறக்கிக் கொடுக்கிறார். தாளை வாங்கிக்கொண்டு ஓடுகிறார். கணினியில் அவருடைய வாட்ஸ்அப் திறந்தே கிடக்கிறது.

செல்பேசியைப் பையில் போட்டாலும், அணைத்தே வைத்தாலும் அந்த இணைப்பு வேலை செய்யும். செல்பேசியில் வாட்ஸ்அப்பை 14 நாள் தொடாமல் இருந்தால் தானாகத் துண்டிக்கப்படும் என்று ஒரு விதி இருக்கிறது. அப்படி 14 நாள் தொடாத மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதிக்குப் போய், அடையாளம் தெரியாத கணினி ஏதேனும் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். அச்செடுத்த கோப்பையும் கடைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆதார் நகல் என்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது திரைப் பூட்டு. புள்ளிகளை இணைத்துக் கோடு இழுக்கும் பூட்டு ஒரு வகையில் புள்ளிக் கோலம்தான். பக்கத்தில் நின்று பார்த்தாலே மனதில் படிந்துவிடும். அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆய்வாளர்கள் பங்கேற்று 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 6 புள்ளிக் கோலத்தை ஒரே முறை பார்த்து அப்படியே போட்டுக்காட்டும் முயற்சிகளில் சுமார் 64 விழுக்காடு வெற்றி பெற்றன. 6 இலக்க எண்ணுக்கு அது 11 விழுக்காடுதான். நான்கு பேர் தங்கும் விடுதி அறையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை பூட்டைத் திறக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த 6 இலக்கத்தையே யுபிஐ பின் எண்ணாகவும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரையைப் பூட்டுபவர்களும் சிம்மைப் பூட்டுவதில்லை. பஸ்ஸில் செல்பேசியைத் திருடியவன் உங்கள் திரைப் பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். சிம்மைக் கழற்றி வேறொரு செல்பேசியில் போட்டால் போதும், ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். அமைப்புகளில் சிம் பூட்டு என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கும்போது முதலில் சிம் நிறுவனம் தந்த பின் எண்ணைக் கேட்கும். குத்துமதிப்பாகப் போடாதீர்கள், மூன்று முறை தவறினால் சிம் முடங்கி, முடக்கத்தை நீக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பஸ் நிலையத்துச் சார்ஜர் தகவலைத் திருடிவிடும் என்ற பயம் கொஞ்சம் மிகை என்பது என் கருத்து. இப்போதைய செல்பேசிகள் தகவலைப் பகிரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பகிரும். மறுத்தால் மின்சாரம் மட்டுமே ஏறும். பயப்பட வேண்டியது நண்பரின் எண்ணிலிருந்து வரும் 'திருமண அழைப்பிதழ்' கோப்புக்கு. அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், அதாவது உங்கள் ஓடிபியைக் கேட்கிறது. நண்பர் அதை அனுப்பியிருக்கவே மாட்டார். அவருடைய செல்பேசி ஏற்கெனவே மோசடிக்காரர் பிடியில் விழுந்துவிட்டது என்பதுதான் பொருள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவைப்பது இன்னொரு தவறு. உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது செல்பேசியின் அடையாள எண்ணை, இன்றே நோட்டில் எழுதி வையுங்கள். செல்பேசி தொலைந்தால், காவல்துறைப் புகார் நகலோடு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து செல்பேசியை முடக்கலாம்.

அந்தப் பணம் தாவிப் போகும் கணக்குகளில் சில மாணவர்களுடையவை. 'உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்று சீனியர் ஒருவர் கேட்பார். ஏடிஎம் அட்டையும் சிம்மும் கை மாறும். சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும். பிறகு காவல்துறை தேடும்போது, அந்தக் கணக்கில் இருப்பது உங்கள் பெயரும் ஊரில் உள்ள உங்கள் வீட்டு முகவரியும்தான்.