வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக் குடில்: மழைக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு பெற்ற குடும்பங்களுக்கு வீட்டின் பின்புறம் கொஞ்சம் நிலம் மிஞ்சுகிறது. ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி என்பதால், ஏழு பேர்ச் 1,900 சதுர அடியைச் சற்றுத் தாண்டும். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550 சதுர அடி வீடு போக, முன்வாசலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் மலக்குழிக்கும் ஒதுக்கிய பிறகும், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு மரக் குடில் போட இடம் கிடைக்கும். அங்கே பிள்ளைகள் படிக்கலாம், தச்சு வேலையில் விருப்பமுள்ளவர் தம் உளியையும் வாளையும் வைத்துக்கொள்ளலாம், கொழும்பிலிருந்து திருவிழாவுக்கு வரும் தம்பி குடும்பம் இரண்டு இரவு தங்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டும் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே இதைக் கட்டி முடிக்க இயலும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்தக் கட்டத்தில் வேலை நின்றாலும், அதுவரை செய்தது மூன்று மாத மழையிலும் கெடாமல் நிற்க வேண்டும், வீட்டாருக்கு இடைஞ்சலாகவும் கிடக்கக்கூடாது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியதை அறிந்த எவரும் இந்தப் படியைத் தாண்டிப் போக மாட்டார்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கோரப்படுகிறது; குடில் சிறியது என்று எண்ணாமல் கிராம சேவகரிடமும் பிரதேச சபையிலும் தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடம் சமமாக வேண்டும் என்பதற்காகப் பின்பக்க மேட்டை வெட்டாதீர்கள். மேட்டை வெட்டினால் மேலேயுள்ள மண் தாங்குதலை இழக்கிறது, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டினால் அது இறுகாமல் மழையில் அமிழ்கிறது. சரிவை அப்படியே விட்டு, பள்ளப்பக்கத் தூண்களை உயரமாக வைத்துத் தளத்தைச் சமப்படுத்துவதே பாதுகாப்பு. ஏற்கெனவே வெட்டிய மண்மேடு இருந்தால், அதன் உயரத்துக்குக் குறையாத தூரம் தள்ளியே குடிலை வையுங்கள். நிலத்தில் வெடிப்பு, திடீரெனச் சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று, பீலிக் குழாயில் காரணமில்லாமல் கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அங்கே குடில் வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பிள்ளைகளுக்கு இதிலேயே ஒரு பொழுதுபோக்கைப் பழக்கலாம். நேர்ப்பக்கமுள்ள ஒரு தகர டப்பாவை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் வெளியேறுவதற்கான ஆயத்தம், 150ஐத் தொட்டால் உடனே வெளியேறுதல் என்பதே மண்சரிவு எச்சரிக்கைகளில் பின்பற்றப்படும் அளவு. தானே அளந்து எழுதும் பிள்ளைக்கு அந்த எண்களின் பொருள் எளிதில் மனத்தில் பதியும்.

அடுத்தது நாட்காட்டி. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளை போன்ற மேற்குச் சரிவு ஊர்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஓயாது. அங்கே கூரை வேலைக்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் டிசெம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ்ப் பருவமழை பெய்வதால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வேலை செய்யலாம். ஆனால் அப்போது பண்டாரவளை, அப்புத்தளை மேடுகளில் வீசும் காற்றில் தகரம் ஏற்றுவதை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் இரு பக்கத்திலும் பிற்பகல் இடிமழை வரும். அந்த மாதங்களில் மரத்தைச் சீவுவது, சட்டம் செய்வது என்று கூரைக்குக் கீழே இருந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இந்த நாட்காட்டிக்கு எதிராக ஓடுவதைப் பலரும் கவனிப்பதில்லை. மேற்குப் பக்கத்தில் வெயில் காலத்தில் தேயிலைக் கொழுந்து குறைந்து வேலை நாளும் சுருங்குவதால், கட்டுவதற்கு நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கி வருமானம் கூடும்போது மழை தொடங்கிவிடும். ஆகவே தகரம், போல்ட், ஆணி, சிமெந்து ஆகியவற்றுக்கான பணத்தைக் கொழுந்து நிறைந்த மாதங்களிலேயே ஒதுக்குங்கள். சிமெந்தை மட்டும் முன்கூட்டி வாங்கி அடுக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் மூட்டை கட்டிபட்டுப் போகும்.

ஞாயிறு யாருடையது என்பதை இந்த வேலையில் முதலில் பேசித் தீர்க்க வேண்டும். கிழமை முழுவதும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வரும் பெண்ணுக்கு அன்றுதான் துணி துவைக்கவும் விறகு எடுக்கவும் பிள்ளையின் தலைமுடியைப் பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. கணவர் காலை முதல் மாலை வரை குடிலோடு நின்றால், அவர் பங்கு வீட்டு வேலையும் அவள் தலையில் விழும். குடில் உயர உயர வீட்டுக்குள் கசப்பும் உயரும். ஞாயிறு காலை பகல் சாப்பாடு வரை குடில் வேலை, பிறகு கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டு வீட்டு வேலை என்ற ஒழுங்கை நான் வலியுறுத்துவேன். சம்பளம் கிடைத்த கிழமை டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் ஞாயிறும், பிள்ளைகளின் தவணைப் பரீட்சைக்கு முந்திய இரண்டு ஞாயிறும் விடுமுறையாகவே இருக்கட்டும். பரீட்சைக் காலத்தில் பக்கத்தில் சுத்தியல் சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளையும் படிக்காது.

மாசி மாதம் தனிக் கவனம் கேட்கிறது. மேற்குப் பக்கத்தில் வெயில் நன்றாக அடிக்கும் அதே நாட்களில்தான் காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து தொடங்குகிறது. வளர்பிறையில் காமன் ஊன்றியது முதல் இரவுதோறும் ஆட்டம் நடக்கும். தப்பு எனும் தோற்பறையை அடிப்பவரும் வேடம் கட்டுபவரும் மறுநாள் ஏணியில் ஏறுவது ஆபத்து. கூத்தில் பங்குள்ளவர் கூரையைத் தை மாதத்திலேயே முடித்துவிட்டு, மாசியைக் கலைக்கு முழுதாகக் கொடுத்துவிடலாம். குடிலில் தப்பை வைப்பதானால் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், தரையிலிருந்து உயரத்தில் தொங்கவிடுங்கள்; ஈரம் ஏறினால் தோல் தளர்ந்துவிடும்.

கட்டும் முறைக்கு வருவோம். மரத்தூணை மண்ணில் புதைக்க வேண்டாம். ஈரமும் கறையானும் அதை விரைவில் தின்றுவிடும். பழைய பெயின்ட் வாளியை அச்சாக வைத்துக் கொங்கிரீட் கால்கள் வார்த்து, ஈரமாக இருக்கும்போதே இரும்புப் பட்டையைச் செருகி, அதில் தூணைப் போல்ட்டால் இறுக்குங்கள். வரிசைக்கு மூன்றாக ஒன்பது கால்கள் போதும். தளத்துக்கும் நிலத்துக்கும் இடையே குறைந்தது ஓரடி காற்றோட்டம் வேண்டும், மேட்டுப்பக்கம் தண்ணீரைத் திருப்பும் கான் வேண்டும். கால்களும் கானும் முடிந்ததும் முதற் கட்டம் நிறைவு. அதற்குப் பிறகு எத்தனை மாதம் வேலை நின்றாலும் கெடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. காணி உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் எல்லா இணைப்பையும் போல்ட்டிலேயே செய்துகொண்டால், வேண்டும்போது பிரித்து வேறிடத்தில் பூட்டலாம்.

பலகையில்தான் பொறுமை வேண்டும். தோட்டத்துச் சவுக்கு, யூகலிப்டஸ் மரங்களை நிர்வாகத்தின் அனுமதியின்றி வெட்டவோ ஏற்றிச் செல்லவோ கூடாது. அனுமதியோடு வாங்கிய மரமும் பச்சையாகவே கைக்கு வரும். யூகலிப்டஸ் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அறுத்த பலகைகளை மழை படாத தாழ்வாரத்தில், வரிசைக்கு வரிசை ஒரே தடிப்பான குச்சிகளை இரண்டடி இடைவெளியில் நேர்மேலாக வைத்து அடுக்கி, உச்சியில் கல் பாரம் ஏற்றுங்கள். பலகையின் இரண்டு முனைகளிலும் பழைய பெயின்ட் பூசினால், முனை மட்டும் முந்திக் காய்ந்து வெடிப்பது குறையும். எங்கள் குளிரில் ஓர் அங்குலப் பலகை காயப் பல மாதங்கள் செல்லும் என்பதால், அத்திவாரம் போடுவதற்கு முன்பே மரத்தை வாங்கி அடுக்கிவிடுவது நல்லது. சுவர் அடிக்கும்போது மேற்பலகை கீழ்ப்பலகையை ஓர் அங்குலத்துக்கு மேல் மூடட்டும். ஆணி மேற்பலகையில் மட்டும், கீழ்ப்பலகையின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே இறங்கட்டும். அப்போது பலகைகள் ஈரத்தில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் நகர இடமிருக்கும், வெடிக்காது.

சட்டம் நின்றவுடன், சுவருக்கு முன்பே கூரையைப் போட்டுவிடுங்கள். தூணையும் கூரையையும் ஒரே வெயில் காலத்தில் முடிக்க முடியாது என்று தோன்றினால், தூணை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். தகரத்தின் மேட்டு வரியில் ரப்பர் வாசரோடு திருகாணி இறக்க வேண்டும்; பள்ள வரியில் அடித்தால் ஒழுகும். தாழ்வாரம் இரண்டடி வெளியே நீண்டால் சுவர் நனையாது.

மின்சாரத்தைத் தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு, மின்கசிவில் தானே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சோடு இணையுங்கள். குளிருக்காகக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவடைத்துத் தூங்குவது உயிரைப் பறிக்கும். விருந்தாளிகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

கட்டி முடித்த பிறகு, மழைக்காலம் தொடங்குவதற்கு முந்திய மாதத்தில் ஆண்டுதோறும் ஒரு ஞாயிறு காலை கானில் சேர்ந்த மண்ணை வாரி, கூரைத் திருகாணிகளைச் சரிபார்த்து, தூண் அடியில் கறையான் புற்று ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, வளர்ந்த மகனோ மகளோ மேலே ஏறித் திருகாணிகளை எண்ணி இறுக்கலாம். கூரை நனைந்திருந்தால் அந்த வேலையை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவையுங்கள்.