பாண்டியில் வேலை, கடலூரில் ஓட்டு: தேர்தல் நாளுக்குத் திட்டம் போடுவது எப்படி?

எனக்கு வேலை பாண்டியில், ஓட்டு கடலூரில். நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே என்ற தைரியத்தில், ஒரு தேர்தலன்று பதினொரு மணிக்கு மேல்தான் கிளம்பினேன். நல்ல வெயில். வழக்கமாக ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், "இந்த பூத் இல்ல சார், உங்க பாகம் பின்கட்டுல" என்றார்கள். அங்கே முதலிலிருந்து இன்னொரு வரிசை. அதற்குப் பிறகுதான் நான் திட்டம் போட ஆரம்பித்தேன்.

முதலில், பெயர் இருக்கிறதா?

கையில் அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். போனில் கேட்பதென்றால் 1950. புதிதாகச் சேர படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி தவளக்குப்பத்துக்குக் குடிபோனவருக்கு அது பக்கத்து ஊர்தான். பட்டியலுக்கோ அது வேறு மாநிலம். இதைத் தேர்தல் நேரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

பாகம் எண், வரிசை எண்

பாகம் எண் என்பது உங்கள் பூத்துக்கான பட்டியலின் எண், வரிசை எண் அந்தப் பட்டியலில் உங்கள் பெயருக்கான எண். தேடும்போதே இந்த இரண்டும் வந்துவிடும். ஒரே பள்ளிக்கூடத்தில் நான்கைந்து பூத் இருக்கும். ஒவ்வொரு அறை வாசலிலும் பாகம் எண்ணை ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நில்லுங்கள். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று நின்றுவிட்டால் என் கதைதான். போன தடவை போட்ட அறையே இந்தத் தடவையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் வைத்திருந்தால் உதவாது, பூத்துக்குள் போனுக்கு அனுமதி இல்லை.

லீவும் பஸ்ஸும்

2021, 2024 இரண்டிலும் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. எப்போதும் அப்படியே இருக்கும் என்றில்லை. உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறதோ, அந்த ஊர்த் தேதியைப் பாருங்கள். அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. வேலை வேறு ஊரில் என்றாலும் கேட்கலாம், ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

நான் இப்போதெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே கடலூர் போய்விடுகிறேன். வழியில் தேர்தல் பறக்கும் படை வண்டியை மறித்துச் சோதிக்கலாம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் அதற்கான காகிதமும் கையில் இருக்கட்டும். பாண்டி பாட்டிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதை எடுத்துப் போவது?

வாக்காளர் அட்டை. அது இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக் போன்றவற்றில் ஒன்று. பூத் சிலிப் மட்டும் போதாது. ரேஷன் கார்டும் செல்லாது. அதை நீட்டிவிட்டுத் திரும்பி நடப்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

உள்ளே

முதல் அலுவலர் பெயரைச் சத்தமாக வாசிப்பார். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, கையெழுத்து வாங்கி, சீட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். சின்னத்துக்கு எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு 7 வினாடி தெரியும். நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது முன்பே போட்டிருந்தால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள், அதைக் காகிதச் சீட்டில் போடலாம்.

நேரம் பெரும்பாலும் காலை 7 முதல் மாலை 6 வரை. நான் ஏழரைக்குள் போய்விடுவேன். பஸ் கிடைக்காமல் தாமதமானாலும் பதற வேண்டாம், ஆறு மணிக்கு வரிசையில் இருந்தால் போதும். டோக்கன் கொடுப்பார்கள். அதையும் வரிசையின் கடைசி ஆளிலிருந்துதான் கொடுத்துக்கொண்டு வருவார்கள், அவருக்குப் பின்னால் யாரும் வந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.