விரல் நுனிக்கு 5 சதவீதமா, 9 சதவீதமா?

2023-இல் பட்டறையின் பவர் பிரஸ்ஸில் (தகடு அழுத்தி வெட்டும் இயந்திரம்) தம்பியின் வலது ஆள்காட்டி விரல் நுனி போனது. வயது 30, சம்பளம் 17,000 ரூபாய். ஊனச் சான்றிதழில் 5 சதவீதம் என்று வந்தது. முதலாளி தர வேண்டிய இழப்பீடு இந்தச் சதவீதத்தை வைத்துத்தான்.

முதலில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) அலுவலகத்துக்கு அலைந்தோம். பட்டறையில் ஆறே பேர், இ.எஸ்.ஐ. கிடையாது. (இருந்திருந்தால், அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்டிருக்கவே முடியாது. இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.) போலீஸ் புகாராலும் சதவீதம் மாறவில்லை.

சிக்கல் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. "நுனி வெட்டுக்காயம், தையல்" என்று ஒரே வரி. அதை வைத்துத்தான் எலும்பு போகாத நுனிக்கான 5 சதவீதம் போட்டிருந்தார்கள். எக்ஸ்ரேயிலும் எலும்பு தெரிந்தது, காரணம் அது ஆபரேஷனுக்கு முன் எடுத்த படம். தோலை இழுத்து மூடுவதற்காக நகத்தடி எலும்பை மூட்டுவரை எடுத்திருந்தார்கள். அந்த விவரம் ஆபரேஷன் நோட்ஸில் மட்டும்தான் இருந்தது.

கேஸ் ஷீட்டின் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைப் பதிவு) முழு நகலை எழுதிக் கொடுத்து வாங்கினோம். புதிதாகப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, சான்று தந்த டாக்டரிடமே காட்டினோம். ஒரு கணு (விரலின் ஒரு எலும்புத் துண்டு) இழப்பு, 9 சதவீதம் என்று திருத்தித் தந்தார். அப்பாடா என்றிருந்தது.

அப்போது சம்பளத்தில் 15,000 வரைதான் கணக்கு. அதில் 60 சதவீதம் 9,000. அதைச் சட்ட அட்டவணையில் 30 வயதுக்கு இருந்த காரணி 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820; இது முழு ஊனத்துக்கான தொகை. இதில் 5 சதவீதம் 93,591 ரூபாய், 9 சதவீதம் 1,68,464 ரூபாய்.

திருத்திய சான்று, ஆபரேஷன் நோட்ஸ், இரண்டு எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட்டோம். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இழப்பீடு தாமதமானதற்கான 12 சதவீத வட்டியையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.