ஒரே நெட், ரெண்டு நெட்வொர்க்: ரூட்டரை முன்ன பின்ன மாத்தி வெக்காதீங்க

கடைக்கு ஒண்ணு, கஸ்டமருக்கு ஒண்ணுன்னு ரெண்டு வைஃபை தனித்தனியா வேணும், ஆனா நெட் கனெக்‌ஷன் ஒண்ணு தான். உடனே இன்னொரு ரூட்டர் வாங்கி, மெயின் ரூட்டர்ல இருந்து ஒரு கேபிள் இழுத்து, கஸ்டமரை அந்த புது ரூட்டர்ல விட்டுடுறாங்க. பேர் வேற, பாஸ்வேர்ட் வேற, அதனால பிரிஞ்சிடுச்சுன்னு நம்புறாங்க. இது தான் இருக்கறதுலயே பெரிய தப்பு.

பின்னாடி இருக்கற ரூட்டர்ல, அதாவது கேபிள் இழுத்து மாட்டின புதுசுல, கனெக்ட் ஆனவங்க முன்னாடி இருக்கற மெயின் ரூட்டர்ல உள்ளத பாக்கலாம், முன்னாடி இருக்கறவங்களால பின்னாடி போக முடியாது, கதவு அப்படித்தான் திறக்கும். எங்க ஏரியா ஜெராக்ஸ் கடைல கஸ்டமர் வைஃபைல இருந்து என் போன்ல 192.168.1.1 அடிச்சேன், மெயின் ரூட்டரோட லாகின் பேஜ் வந்துடுச்சு. அப்புறம் ஓனர்கிட்ட கேட்டுட்டு அவர் கம்ப்யூட்டர் ஐபியை (நெட்வொர்க்ல அதோட அட்ரஸ் நம்பர்) ஃபைல் மேனேஜர்ல போட்டு பாத்தா ஸ்கேன் ஃபோல்டர் பாஸ்வேர்ட் கேக்காமலே திறக்குது, உள்ள பூரா ஊர்க்காரங்க ஆதார். அவருக்கு கை நடுங்கிடுச்சு. அதனால பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா டிவிஆர் (கேமரா வீடியோவ ரெக்கார்ட் பண்ற பெட்டி) எல்லாம் பின்னாடி ரூட்டர்ல, கஸ்டமர் முன்னாடி ரூட்டர்ல. ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் சுத்தமா பாக்கவே கூடாதுன்னா மெயின் ரூட்டருக்கு கீழ ஆளுக்கு ஒரு ரூட்டர், மொத்தம் 3. மெயின் ரூட்டர்லயே கெஸ்ட் நெட்வொர்க் (வெளி ஆளுங்களுக்குன்னு தனி வைஃபை) இருந்தா முதல்ல அத பாருங்க, லோக்கல் நெட்வொர்க் ஆக்சஸை ஆஃப் பண்ணி வெச்சா பல சின்ன கடைக்கு அதுவே போதும், ரூட்டர் காசு மிச்சம்.

அடுத்தது கேபிள். மெயின் ரூட்டரோட லேன் (LAN, உள்ள இருக்கற கருவிகளுக்கு) போர்ட்ல இருந்து புதுசோட வேன் (WAN, வெளிய இருந்து நெட் வர்ற) போர்ட்டுக்கு தான் போகணும், பல ரூட்டர்ல அது மட்டும் வேற கலர்ல இருக்கும். புதுசோட லேன்ல சொருகிட்டா ரெண்டு ரூட்டரும் ஒரே நெட்வொர்க்ல போட்டி போட்டு ஐபி குடுக்கும், எது முந்துதோ அதுகிட்ட போன் வாங்கிக்கும், புதுசுகிட்ட வாங்கின போனுக்கு சிக்னல் ஃபுல்லா இருக்கும் ஆனா நெட் வராது, யூபிஐ சுத்திக்கிட்டே நிக்கும். சில நேரம் வரும் சில நேரம் வராது, அதனால எல்லாரும் நெட் கம்பெனிய திட்டுவாங்க.

ரெண்டு ரூட்டருக்கும் அட்ரஸ் 192.168.1.1ன்னே இருந்தாலும் வேலைக்கு ஆகாது. சிலது தானா மாத்திக்கும், எல்லாமே இல்ல. கேபிள் சொருகறதுக்கு முன்னாடியே புதுச 192.168.50.1ன்னு மாத்திடுங்க.

ஓஎன்டிக்கு (ஃபைபர் கேபிள் வந்து சேர்ற பெட்டி) அப்புறம் சும்மா ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் போட்டு ரெண்டு ரூட்டரையும் அதுல மாட்டறதும் வேண்டாம், வீட்டு பிளான்ல பெரும்பாலும் ஒரு ஐபி தான் தருவாங்க, ஒண்ணு ஓடும் ஒண்ணு நிக்கும்.

டிவிஆர் பின்னாடி போனதும் வெளிய இருந்து கேமரா தெரியலன்னு சொல்வாங்க, ஏன்னா போர்ட் ஃபார்வர்டு (வெளிய இருந்து வர்றத உள்ள டிவிஆருக்கு அனுப்பற செட்டிங்) இப்ப ரெண்டு ரூட்டர்லயும் பண்ணணும். அதுக்கு முன்ன மெயின் ரூட்டர்ல வேன் ஐபி (நெட் கம்பெனி அதுக்கு தர்ற ஐபி) பாருங்க, 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா கம்பெனியே ஒரு ஐபியை பல பேருக்கு பங்கு போடுதுன்னு அர்த்தம், நீங்க எத்தனை தடவை ஃபார்வர்டு பண்ணாலும் வராது, டிவிஆரோட கிளவுட் ஆப் தான் சுலபமான வழி.

நெட்வொர்க்கை பிரிச்சா ஸ்பீடும் பிரிஞ்சிடாது. கஸ்டமர் ஒருத்தர் படம் டவுன்லோட் போட்டா பில்லிங் படுத்துடும், மெயின் ரூட்டர்ல பேண்ட்விட்த் கன்ட்ரோல் இருந்தா கஸ்டமர் பக்கத்துக்கு ஒரு லிமிட் போட்டு விட்டுடுங்க.