கச்சத்தீவை ஆய்வுக் கட்டுரையாக எழுதுவது எப்படி? இளங்கலை மாணவர்களுக்கு ஒரு செய்முறை

இறுதியாண்டு அரசியல் அறிவியல் மாணவர்கள் பலர் 'இந்திய வெளியுறவுக் கொள்கை: ஒரு பார்வை' என்று தலைப்பு வைத்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். அத்தனை பெரிய தலைப்பில் உருப்படியாக ஒரு பக்கம்கூட எழுத முடியாது. நீதி, வெளியுறவு, அரசின் அதிகாரம் மூன்றும் முட்டிக்கொள்ளும் சிறிய இடமாகப் பாருங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாக் நீரிணையில் இருக்கும், சுமார் 285 ஏக்கரே உள்ள கச்சத்தீவு அதற்குத் தோதானது.

முதலில், கேள்வி

'கச்சத்தீவு யாருக்குச் சொந்தம்?' என்பது மேடைக் கேள்வி. 'தீவு இலங்கைப் பக்கம் சேர்ந்த 1974 ஒப்பந்தத்தை, அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தாமலேயே மத்திய அரசு எப்படிச் செய்தது?' என்பது ஆய்வுக் கேள்வி. ஆவணங்களை வைத்தே இதற்குப் பதில் தேடலாம்.

அடுத்து, மூல ஆவணம்

இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 1974 ஜூனில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். அதைப் படிக்காமலேயே பேசுபவர்கள்தான் அதிகம்!

5-வது பிரிவைப் பாருங்கள். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம்; பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை. மீன்பிடிப்பது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 6-வது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்றன் கடற்பரப்பில் மற்றது வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. பிறகு 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதம், இலங்கைக் கடற்பரப்பில் அனுமதியின்றி இந்தியப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. இந்த மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிவையுங்கள். அந்தக் கடிதத்துடன் வந்த ஒப்பந்தம் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைகளைப் பற்றியது. அப்படியானால் கடிதம் பாக் நீரிணைக்கும் பொருந்துமா? இதை மட்டுமே வைத்துத் தனிக் கட்டுரை எழுதலாம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுடன் பிரித்துக்கொள்ளும் விவகாரத்தில், இந்திய நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. அதே ஆண்டு 9-வது திருத்தம் வந்தது. ஆனால் 1969-இல், கட்ச் பாலைப்பகுதி பற்றிய மகன்பாய் வழக்கில், எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொள்வது நிலத்தைக் கொடுப்பதாகாது, அதற்குத் திருத்தம் தேவையில்லை என்றது.

மத்திய அரசின் வாதம் இந்த இரண்டாவது வழியில்தான் செல்கிறது: கச்சத்தீவு தகராறில் இருந்த இடம், ஆகவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இதை மறுப்பதானால் 1974-க்கு முன்பே தீவு இந்தியாவுடையது என்று காட்ட வேண்டும். அப்போது ராமநாதபுரம் ஜமீனின் பழைய ஆவணங்கள்வரை போக வேண்டியிருக்கும். வங்கதேசத்துடனான நிலப்பரிமாற்றத்துக்கு 2015-இல் 100-வது திருத்தம் கொண்டுவரப்பட்டதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீதி யாருக்கு?

ராமேசுவரம் மீனவர்கள் கைதாவதை மட்டும் எழுதினால் கட்டுரை ஒருபக்கமாகச் சாயும். எதிர்க்கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. போர்க்காலக் கட்டுப்பாடுகளால் கடலை இழந்திருந்த அவர்கள், 2009-க்குப் பின் திரும்பி வந்தபோது தமிழகத்து இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுப்பதாகக் குற்றம்சாட்டினார்கள். இழுவை மீன்பிடியை இலங்கை 2017-இல் தடை செய்தது. நீதியைப் பற்றி எழுதுபவர் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது.

தரவு, எழுத்து

நாடாளுமன்ற விவாதங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. 1974 ஜூலை விவாதத்திலிருந்து தொடங்குங்கள். 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கையும், 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானத்தையும் சேருங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வில் 'அப்படியானால் தீவை மீட்கலாமா?' என்று நிச்சயம் கேட்பார்கள். 'மீட்பதற்கு எந்தச் சட்ட வழி திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்பதுவரைதான் என் ஆய்வு' என்று சொல்லி, 1960, 1969 தீர்ப்புகள் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.