கிங் கிரிம்சனின் 1975 ஆல்பம்: வராத இசைத்தட்டைக் கற்பனை செய்வது எப்படி?

கலைந்துபோன ஒரு புரோகிரசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) குழு இன்னும் ஒரு ஆல்பம் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பெரும்பாலானோர் குழுவில் இருந்தவர்கள் பின்னாளில் தனித்தனியாகப் போட்ட பாட்டுகளில் நல்லதைப் பொறுக்கி வரிசைப்படுத்துவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வெறும் தொகுப்பு. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மனதுக்குள் ஓடவிட்டுக் கேட்கிற மாதிரி ஒன்று வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எனக்கு உயிரான இங்கிலாந்துக் குழு கிங் கிரிம்சனை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 'குழு உடையாமலே இருந்திருந்தால்' என்று பொதுவாக ஆரம்பித்தால் கற்பனை கண்டபடி அலையும். கிட்டார் வாசித்த ராபர்ட் ஃபிரிப் குழுவைக் கலைத்தது 1974 செப்டம்பர் கடைசியில். அவர்கள் கடைசியாகப் பதிவு செய்திருந்த 'ரெட்' ஆல்பம் வெளிவந்ததே அதற்குப் பிறகு, அக்டோபரில்தான். ஆகவே அந்த செப்டம்பரில் அவர்கள் கையில் என்ன இருந்ததோ, அங்கிருந்துதான் புறப்பட வேண்டும்.

அப்புறம், ஸ்டுடியோவில் யார் யார் இருப்பார்கள்? கிட்டாரில் ஃபிரிப், பேஸிலும் பாட்டிலும் ஜான் வெட்டன், டிரம்ஸில் பில் புரூஃபோர்ட். இவர்களோடு இயன் மெக்டொனால்ட். 1969-இல் குழுவின் முதல் ஆல்பத்துக்கு மெலோட்ரானும் (நாடாவில் பதிவான ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) புல்லாங்குழலும் சாக்ஸபோனும் வாசித்துவிட்டு அந்த வருடமே விலகியவர். 'ரெட்'டில் விருந்தாளியாக வந்து சாக்ஸபோன் வாசித்தார். முழு உறுப்பினராகத் திரும்பவும் சேரப்போகிறார் என்ற நிலையில்தான் குழு கலைந்தது. பாட்டு வரிகளுக்கு ரிச்சர்ட் பால்மர்-ஜேம்ஸ். வயலின்காரர் டேவிட் கிராஸ் 1974 கோடையிலேயே போய்விட்டார். 1975-இல் வந்த 'யு.எஸ்.ஏ.' என்ற மேடைக் கச்சேரி ஆல்பத்தில் எடி ஜாப்சன் பிறகு சேர்த்து வாசித்த வயலின் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு நம் ஆல்பத்திலும் வயலினை நுழைக்கத் தோன்றும். வேண்டாம். அந்த இடம் மெக்டொனால்டின் ஊதுகுழல்களுக்கு உரியது.

அடுத்தது ரொம்ப முக்கியம். இந்த நான்கு பேரில் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார் என்று பாருங்கள். 'ரெட்' அவ்வளவு கனமாக இருப்பதால், அடுத்தது இன்னும் கனமாக இருந்திருக்கும் என்றுதான் ரசிகர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெக்டொனால்ட் 1976-இல், வானொலிக்கேற்ற ராக் பாட்டுகள் போட்ட ஃபாரினர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெட்டன் 1982-இல் ஏசியா குழுவோடு வானொலியெங்கும் ஒலித்தார். நான்கு பேரில் இரண்டு பேர் மெட்டுக்காரர்கள்! அந்த 1975 ஆல்பத்தில் நாம் எதிர்பார்ப்பதைவிடப் பாட்டு அதிகமாகவும் இரைச்சல் குறைவாகவும் இருந்திருக்கும். இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரசனைக்கு ஒத்துவராத எதுவுமே இல்லையென்றால், நீங்கள் கேட்பது அந்த நான்கு பேரின் ஆல்பத்தை அல்ல, உங்கள் ஆசையை.

இனி ஒலிக்குப் போவோம். 'ரெட்'டின் கடைசிப் பாட்டான 'ஸ்டார்லெஸ்'ஸை எடுத்து, பாடும் பகுதி முடிகிற இடத்திலிருந்து கேளுங்கள். பேஸ், தாளச் சுற்றுக்குப் பதின்மூன்று எண்ணிக்கையில் நொண்டி நொண்டி நடக்கிறது. அதன் மேல் ஃபிரிப் ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார். வெகுநேரம் கழித்துத்தான் அடுத்த சுரத்துக்கு ஏறுகிறார். புரூஃபோர்ட் உடனே தாளம் பிடிப்பதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுவிட்டு விலகுகிறார். நான் பேஸ் வாசிப்பவன். அந்த இடத்தில் கை எவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டும் என்பது வாசித்துப் பார்த்தால்தான் புரியும். இந்தப் பொறுமைதான் 1974-இல் அவர்களிடம் இருந்த பெரிய சொத்து. அதே பொறுமையோடு, ஆனால் வேறு எண்ணிக்கையில், ஒரு பேஸ் வரியை நீங்களே முணுமுணுத்து உருவாக்குங்கள். பதினொன்றில் முயன்று பாருங்கள், நன்றாக வரும்.

பிந்தைய ஆல்பங்களைக் கேட்கலாம், ஆனால் அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. 1978-இல் வந்த 'யு.கே.' குழுவின் முதல் ஆல்பத்தில் வெட்டனும் புரூஃபோர்டும் சேர்ந்தே இருக்கிறார்கள். அதில் ஜாப்சனின் கீபோர்டையும் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த்தின் கிட்டாரையும் மனதுக்குள் அணைத்துவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். ஃபிரிப்பின் பங்குக்கு, பிரையன் ஈனோவோடு சேர்ந்து 1975-இல் வெளியிட்ட 'ஈவ்னிங் ஸ்டார்'. இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே நாடா சுற்றிச் சுற்றி, கிட்டார் ஒலி அடுக்கடுக்காகச் சேர்வதைக் கேட்கலாம். அந்த அடுக்கின் மேல் மெக்டொனால்டின் புல்லாங்குழலை வைத்துப் பாருங்கள். எனக்கு இந்த ஆல்பம் நிஜமாகத் தெரிய ஆரம்பித்தது இந்த ஒலியிலிருந்துதான்.

சரி, இப்போது தாளை எடுங்கள். ஒரு எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம். 'ரெட்' முழுவதுமே நாற்பது நிமிடத்துக்குள்தான். இந்த வரம்பைத் தாண்டாதீர்கள். எதைக் கைவிடுவது என்ற கேள்வியிலிருந்துதான் ஆல்பத்துக்கு உருவம் வருகிறது. என்னுடைய முதல் பக்கம்: ஐந்து நிமிட வேகப் பாட்டு, வெட்டனின் குரலில் நாலு நிமிட மெதுவான பாட்டு, பிறகு பதினொன்றில் போகும் பத்து நிமிட வாத்திய இசை. இரண்டாம் பக்கத்தில் முன்கூட்டியே எழுதாமல் மேடையிலேயே உருவாக்கி வாசித்த ஏழு நிமிடம் ஒன்று கட்டாயம். 'ரெட்'டில்கூட 1974 ஜூன் 30 அன்று பிராவிடன்ஸ் நகரில் மேடையில் பிறந்த ஒன்று இடம்பெற்றிருக்கிறது. அது இல்லாமல் இவர்களுடைய ஆல்பம் முழுமையடையாது. மிச்சப் பதின்மூன்று நிமிடம் டேப் அடுக்குக்கும் புல்லாங்குழலுக்கும், அதிலிருந்து மெல்லப் பிறக்கும் ஒரு பாட்டுக்கும்.

பெயரும் அட்டைப்படமும் கடைசியில். முதலிலேயே வைத்தால் இசை அதற்கேற்ப வளைந்துவிடும். ஒரு வாரம் தாளை மூடி வையுங்கள். பிறகு பார்க்காமல் முதல் பக்கத்தை மனதில் ஓட்டுங்கள். எந்த இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லையோ, அங்கே இருப்பது வெறும் நிமிடக் கணக்கு. என்னுடையதில் அந்த நாலு நிமிடப் பாட்டின் மெட்டு இன்னும் பிடிபடவில்லை. அதற்காக வெட்டனின் குரலை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.