புதிய பவளத் தொட்டி: உப்பளவிலிருந்து முதல் பவளம் வரை

பவளத் தொட்டி என்றால் மீனோடு உயிருள்ள பவளமும் வளரும் கடல்நீர்த் தொட்டி. தொட்டியைச் சமதளத்தில் வைப்பது, ஹீட்டரை 25 டிகிரிக்குத் திருப்புவது எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். அளவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முதல் தொட்டி 150 முதல் 200 லிட்டர் வரை இருக்கட்டும். அதைவிடச் சின்னது சுலபம் என்று தோன்றும், உண்மையில் அதுதான் கஷ்டம். தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் சட்டென்று ஏறி இறங்கும்.

1. தண்ணீர்

ஆர்.ஓ. மட்டும் போதாது. அதற்குப் பின்னால், மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வேண்டும், நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். தண்ணீரில் பவள உப்பைப் போட்டுக் கலக்குங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால் செறிவு அதிகமாகி, கால்சியம் கார்பனேட்டாக அடியில் படிந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

2. உப்பளவு

என்னை அதிகம் சுற்றவிட்டது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நமக்கு வேண்டியது 35 பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. ஆடும் முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை (நீரின் அடர்த்தியை வைத்து உப்பை அளக்கும் கருவி) தொடாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலே கூட்டிக் காட்டும்.

ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கூட வரும் தாள், சுத்தமான நீரை விட்டு 0-க்குத் திருகச் சொல்லும். சிக்கலே அங்கேதான். மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பல, சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்தவை. சோடியம் குளோரைடு கரைசல் ஒளியை வளைக்கும் அளவும் கடல்நீர் வளைக்கும் அளவும் ஒன்றல்ல. 0-வில் கச்சிதமாக நிற்கும் அந்தக் கருவி, உண்மையான 35-ஐ 36.5 என்று காட்டும். அதை நம்பி உப்பில்லாத தண்ணீரை ஊற்றிக் குறைத்தால் தொட்டி 33.5 பக்கம் போய் நிற்கும். மீன் தாங்கிக்கொள்ளும், பவளம் முகம் சுளிக்கும்.

இதற்கு வழி, 35 பி.பி.டி. அளவீட்டுக் கரைசல் ஒரு பாட்டில். அதில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, அரை நிமிடம் பொறுத்து, நீலக் கோடு 35-இல் நிற்கும்படி திருகுங்கள். 0-வில் பிசகினால் பிசகட்டும், நமக்கு அங்கே வேலை இல்லை. பாட்டிலை இறுக மூடி வையுங்கள், ஆவியானால் கரைசலே பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

அப்புறம், தொட்டியில் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அல்ல. நூற்றுக்கு ஐந்து பங்கு வற்றினால் 35 என்பது ஏறக்குறைய 37 ஆகிவிடும். வற்றியதை உப்பில்லாத ஆர்.ஓ.-டி.ஐ. நீரால் மட்டும் ஈடுகட்டுங்கள். பணம் மிச்சமிருந்தால் விளக்குக்கு முன் தானியங்கி நீர்நிரப்பியை வாங்குங்கள் என்பது என் கட்சி.

3. பாறையும் பாக்டீரியாவும்

என் ஓட்டு உலர் பாறைக்குத்தான். கடலுயிர்கள் ஒட்டியிருக்கும் உயிர்ப் பாறையோடு, கொட்டும் கடற்சாமந்தியான ஐப்டேசியா போன்ற அழையா விருந்தாளிகளும் வரும். பாறையை முதலில் கண்ணாடித் தரையில் உட்கார வைத்து, பிறகு சுற்றிலும் அரகோனைட் (ஒரு வகைக் கால்சியம் கார்பனேட்) மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால், தோண்டும் மீன் ஒருநாள் அதைச் சாய்த்துவிடும்.

மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற வேண்டும்; இதுதான் சைக்ளிங். பாட்டில் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குச் சேர்த்து, விளக்கை அணைத்து வையுங்கள். அவ்வளவு அம்மோனியாவும் 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் 0 ஆனால் சைக்ளிங் முடிந்தது. நாலு வாரம் ஆகலாம், ஆறும் ஆகலாம். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க நிறையத் தண்ணீர் மாற்றுங்கள்.

4. உயிர்கள்

விளக்குப் போட்டதும் மணலில் பழுப்புப் படலம் வரும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, பயப்பட ஒன்றுமில்லை. நத்தைகளைத் தொட்டிக்குள் விடுவதற்கு இதுவே நேரம்.

மீனில் பண்ணையில் வளர்த்த கோமாளி மீன் ஜோடியே போதும். நீல டாங் இந்த அளவுத் தொட்டிக்கு ஆகாது. மாண்டரின் மீன் பெரும்பாலும் கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளைத்தான் தின்னும், புதுத் தொட்டியில் அது பட்டினி கிடக்கும். எந்த மீனையும் முதலில் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து கொடுக்க வேண்டி வந்தால் அங்கேதான் கொடுக்க முடியும், பவளமும் நத்தையும் தாமிரத்தைத் தாங்காது.

முதல் பவளமாகக் காளான் பவளம் அல்லது ஸோவாந்திட். ஸோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். அது ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியே ஆளைச் சாய்க்கும்.

பிற்சேர்க்கை: பார்சலில் வந்த மீனை, பை நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து எத்தனை மணி நேரம் பழக்குவது என்று பலர் கேட்கிறார்கள். நீண்ட பயணம் என்றால் அப்படிச் செய்யவே வேண்டாம். மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறி, அது நஞ்சாக மாறும். தனித் தொட்டியின் உப்பளவைப் பை நீருக்கு ஏற்ப முன்கூட்டியே அமைத்து, மூடிய பையை மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள்.